தண்ணி பாட்டில் அப்பா

சொந்தத்தில் யாராவது என்னைப் புகழ ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குக் காது சுடுகிறது. முன்பு அப்படியில்லை. புகழ்கிறார்கள் என்றால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கிற ஆள்தான் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் வாயைத் திறக்குமுன்பே எழுந்து கைகழுவப் போய்விடலாமா என்று இருக்கிறது. "அப்பன்னா இப்பிடி இருக்கோணும்" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் கொஞ்சம் புகழ்வார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது, பேரிங் மாற்றுவது, இதுதான் தொழில். படிப்பு பத்தாவதோடு சரி. மீதியெல்லாம் வாயைக் கொடுத்து வாங்கியது. மோட்டாரோடு வருகிறவர்கள் அதை இறக்கி வைத்துவிட்டு உடனே கிளம்பமாட்டார்கள், நானும் விடமாட்டேன். அவர்கள் போகிற போக்கில் சொல்வதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வேன். தோட்டக்காரர் ஒருவரிடம் புது மருமகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "மோட்டாரு நல்லாத்தானுங்க ஓடுது, தண்ணிதான் மேல வரமாட்டேங்குது" என்றார். காரமடைச் சந்தையில் ஒரு அம்மா, அடிமாட்டு விலைக்குத் தக்காளி கேட்டவரிடம், "அந்த வெலைக்கு நான் கூடையத் தொறந்து காட்டறனுங்க, பாத்துட்டுப் போங்க" என்றார். இந்த மாதிரி நூறு இருக்கிறது என்னிடம். எங்கே போனாலும் ஒன்றை எடுத்துவிடுவேன், நாலு பேர் சிரிப்பார்கள், அன்றைக்குச் சாப்பாடு செரித்துவிடும்.

நான் பேசாமல் இருக்கிற ஒரே நேரம் மோட்டாரைக் கேட்கிற நேரம். ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வேன். பேரிங் போயிருந்தால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கேட்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் மோட்டார் மேல் சாய்ந்து தூங்குகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை ஒருவர் என் தோளைத் தட்டி, "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டார். எரிந்து விழுந்தேன். "கேட்டுட்டு இருக்கறவனத் தட்டலாமுங்களா?" என்றேன். அந்த மனிதர் அன்று என்னிடம் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டார்!

எனக்கு ஒரே மகள். பதினொன்றாவது படிக்கிறாள். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதையும் நானே எடுத்துக்கொண்டதாலோ என்னவோ, அவள் அதிகம் பேசமாட்டாள். பள்ளிக்கூட பாண்டு வாத்தியத்தில் தட்டிக்கொண்டிருந்தவளை, ஊரில் பல பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து மேற்கத்திய சங்கீதம் வாசிக்கவைக்கிற ஒரு இளைஞர் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். அதை நடத்துகிற டீச்சர் போத்தனூர்க்காரர், வயலின் சொல்லிக்கொடுப்பவர். பிள்ளைகள் "மிஸ்" என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். "உங்க பொண்ணுக்கு அவசரமே இல்லீங்க. அதனாலதான் அவளுக்கு டிம்பனி குடுத்தேன்" என்றார் மிஸ்.

டிம்பனி என்பது கல்யாண வீட்டுச் செம்பு அண்டாவுக்குத் தோல் கட்டிய மாதிரி இருக்கும். இரண்டு அண்டா. குழுவின் கடைசி வரிசையில், ஓரமாக நிற்கும். இரண்டு கையிலும் குச்சியோடு என் மகள். காலால் மிதித்தால் தோல் இறுகும், தளரும். யாரோ பழைய ஜோடி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள் என்றும், மிதி சொன்ன இடத்தில் நிற்காது என்றும் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "சுருதி எறங்கிட்டே இருக்குதுங்கப்பா" என்பாள். "கொண்டா, நட்டு மாத்தித் தாரேன்" என்பேன். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கத்தில் ஒத்திகை. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. "உள்ள வந்து உக்காருங்கப்பா" என்று ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவாள். "வாரேன் கண்ணு, ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வாரேன்" என்பேன். எதிரில் ஒரு பேக்கரி. அங்கே காவலாளி, கார் ஓட்டி வந்தவர்கள், மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் என்று ஒரு சபையே கூடிவிடும். டீ குடித்து முடிப்பதற்குள் ஒத்திகை முடிந்து அவள் வெளியே வந்து நிற்பாள். அப்புறம் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நான் அதையும் கவனிக்கவில்லை. ஆனால் பேக்கரியில் நான் பேசியதில் பாதி அவளைப் பற்றித்தான். உள்ளே அவள் எப்படி வாசிக்கிறாள் என்று, உள்ளே ஒரு தடவையும் போகாமலேயே, கண்ணால் பார்த்தவன் மாதிரி சொல்வேன்.

கச்சேரி நாள் குறித்ததும் அவள் வீட்டில் ஒரு நாள் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிக் காட்டினாள். பெரிய உருப்படி ஒன்று கடைசியில் வருமாம், நான்கு பாகமாக. மூன்றாவது பாகம் முடிகிற இடத்தில் எல்லாரும் ஒவ்வொருவராக ஓய்ந்துவிடுவார்களாம். வயலின்கள் மட்டும் ஒரே சத்தத்தை நூல் மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்குமாம். அப்போது இவளுடைய அண்டா மட்டும், மெல்ல, நெஞ்சு துடிக்கிற மாதிரி. இவளை நம்பித்தான் மற்ற எல்லாரும். இவள் தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொண்டுபோய் விட்டால், நாலாவது பாகம் எல்லா வாத்தியமும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

"அந்த எடம் என்னோடதுங்கப்பா" என்றாள். அவள் எதையும் என்னுடையது என்று சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், காதுகுத்துக்கு அழைக்கிற மாதிரி வீடு வீடாகப் போய்ச் சொந்தக்காரர்களை அழைத்தேன். காரமடைப் பக்கம் இருக்கிற என் அக்கா, மச்சான், அவர்கள் வழியில் ஒரு வேன் நிறைய ஆட்கள். அக்காவுக்கு என் மகள் என்றால் உயிர். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள், அப்புறம்தான் எங்களிடம் "நல்லாருக்கீங்களா" என்பாள். கச்சேரி அன்று காலையில் பிள்ளை பதற்றத்தில் அரை இட்லியோடு எழுந்துவிட்டாள். அதை என் மனைவி போனில் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அக்கா கட்டைப்பையில் குளுக்கோஸ் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு டஜன் வாழைப்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அப்படித் தயாராக வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் என் மகள் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள்.

அரங்கத்தில் நாங்கள் நுழைந்த விதமே தனி. எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பார்த்து "வாங்க" என்று கேட்காவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். அதனால் ஆறு வரிசை தள்ளி இருந்தவர்களையும் எழுந்து நின்று "வாங்க, வாங்க" என்று கேட்டோம். வாசலில் நின்ற மாணவி, "உள்ள கொஞ்சம் அமைதியா இருங்க அங்கிள்" என்றாள். "இருக்கறோம் அம்மணி, நாங்கெல்லாம் அமைதிக்குப் பேரு போன ஆளுக" என்றார் மச்சான். அவர் குரலைக் கேட்டு மேல் பால்கனியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

முதல் பாதி நன்றாகப் போனது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போட்ட பிள்ளைகள் ஒரே மூச்சில் வில்லை இழுப்பதைப் பார்க்கவே அழகு. அக்காவுக்கு மட்டும் ஒரு குறை.

"நம்ம புள்ள மட்டும் ஏன் தம்பி சும்மா நிக்குது?"

"அண்டாவக் காவல் காக்குது" என்றார் மச்சான்.

இடையில் அவள் ஓங்கித் தட்டியபோது எங்கள் வரிசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. மச்சான் அலைபேசியை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரிடம், "நம்ம புள்ளைங்க" என்று சொல்லிவைத்தேன்.

இரண்டாம் பாதியில் அந்தப் பெரிய உருப்படி. எனக்கு எந்தப் பாகம் எது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய ஆரம்பித்தன. அரங்கம் அப்படியே அடங்கியது. அப்போதுதான் என் மகள் குனிந்தாள். அண்டாவின் மேல் தலையைச் சாய்த்து, கன்னம் தோலில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன.

"தம்பி" என்றாள் அக்கா. "புள்ளையப் பாரு. தல சாயுது."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கண்ணு மூடிருச்சு. ஒதடு நடுங்குது பாரு. காத்தால இருந்து ஒண்ணும் திங்கலையே சாமி."

"பக்கத்துல நிக்கற பசங்க ஒருத்தனும் கண்டுக்க மாட்டேங்கறானுங்க" என்றார் மச்சான்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "இருங்க. அது ஏதோ பண்ணுது. மிஸ்ஸு பாத்துக்குவாங்க."

"மிஸ்ஸு குச்சிய ஆட்டிட்டு நிக்குது. அது எங்க பாக்கப்போவுது? போ தம்பி, உழுந்தறப்போவுது."

அக்கா கொண்டுவந்த பாட்டில் என் கையில் இருந்தது. எப்போது வாங்கினேன் என்று நினைவில்லை. ஓரமாக நடந்து, பக்கவாட்டுப் படி ஏறி, திரையின் ஓரத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கை நீட்டினால் எட்டிவிடுகிற தூரத்தில் என் மகள். நான் பட்டறைக்காரன். ஓடுகிற மோட்டார்களுக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை.

"கண்ணு! என்னாச்சு? மயக்கமா? இந்தா, தண்ணியக் குடி!"

அரங்கத்தில் அந்த நேரத்தில் வேறு சத்தமே இல்லை. வயலின்கள் நூல் மாதிரிப் பிடித்திருந்த அந்த ஒரே ஒலியும், என் குரலும்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். குச்சிகள் கையில் அப்படியே நின்றன. மிஸ்ஸின் இடது கை அவளை நோக்கி நீண்டது. ஒன்றும் வரவில்லை. வயலின் பிள்ளைகள் வில்லை இழுத்து இழுத்து அதன் முனைக்கே வந்துவிட்டார்கள். மிஸ் மறுபடி ஒருமுறை கையை அசைத்தார். அப்போதுதான் அவள் தட்ட ஆரம்பித்தாள், தாமதமாக, மெல்ல வரவேண்டியது தடதடவென்று. பிறகு எல்லாரும் எப்படியோ அவளைப் பிடித்துக்கொண்டு நாலாவது பாகத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கீழே பாதி அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்வரிசையில் ஊதுகுழல் வைத்திருந்த ஒரு பெண்ணின் தோள்கள் குலுங்கின. ஊதமுடியாமல் அவள் வாத்தியத்தை இறக்கிக்கொண்டாள்.

எனக்குத் திரும்பிப் போகவும் முடியவில்லை. பாட்டிலோடு திரையை ஒட்டி நின்றுவிட்டேன். அதனால்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவளுக்கு வேலையில்லாத ஒரு இடம் வந்தது. அவள் குனிந்தாள். அதே மாதிரி காதைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், கண்ணை மூடினாள், விரல் நுனியால் தோலை ஒருமுறை சுண்டினாள், கால் மிதியைத் துளி அழுத்தினாள், மறுபடி சுண்டினாள். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வந்தது. கைப்பிடி காதில் அழுந்துவதுகூடத் தெரிந்தது. இந்த உலகத்தில் வேறு யார் ஏமாந்திருந்தாலும் சரி, நான் ஏமாந்திருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் மிஸ் என்னைத் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

"பயந்துட்டீங்களா சார்? அது ட்யூன் பாக்கறதுங்க. ஏசியில தோலோட சுருதி மாறிரும், அதான் காத வெச்சுக் கேப்பா. எல்லா ஒத்திகையிலயும் அதேதான் பண்ணுவா. நீங்க பாத்ததில்லீங்களா?"

"பாத்திருக்கனுங்க" என்றேன். "இன்னைக்கு என்னமோ..."

அவர் நம்பினாரோ என்னவோ. வேனில் அக்கா பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாழைப்பழம் உரித்துக்கொடுத்தாள். "ஒரு வா தின்னு சாமி" என்று கெஞ்சினாள். என் மகள் தின்றாள். எல்லாரும் என்னைப் பற்றியே பேசினார்கள். "அத்தன பேரு இருக்கற எடத்துல வெக்கம் பாக்காம ஓடுனாரு பாரு" என்றார் மச்சான். என் மகள் எனக்குப் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, மெதுவாக, "பரவால்லீங்கப்பா. நீங்க பயந்துபோயிட்டீங்க" என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்கு இப்போது தெரியும் என்று. வேனில் இருந்த புகழ்ச்சி எனக்கு இதமாக இருந்தது. வாயே பிழைப்பாக இருக்கிறவன் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

மச்சான் எடுத்த படம் சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் வந்தது. அதில் திரையோரம் நானும் பாட்டிலும் மட்டும் பெரிதாக இருப்போம். என் குரல் கேட்கும். சிரிப்பு கேட்கும். மகள் தெரியமாட்டாள். அவள் தட்ட ஆரம்பிப்பதற்குள் படம் முடிந்துவிடும். கீழே இதயமும் கும்பிடு கையுமாக வந்து குவிந்தது. பொள்ளாச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கூப்பிட்டுப் பேசினார்கள்.

சில வாரம் கழித்து அக்கா ஊரில் ஒரு கெடா விருந்து. பந்தியில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். "சொல்லுங்க மாப்ளை, உங்க வாயால கேக்கோணும்" என்றார் மச்சான். நானும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மிஸ் குச்சியை ஆட்டுவது, பக்கத்துப் பிள்ளைகள் மரம் மாதிரி நிற்பது, நான் படியில் தடுக்கியது. தடுக்கவேயில்லை, கதைக்கு நன்றாக இருந்தது. பந்தி குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது எல்லாரும் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. நானும் கொடுத்துவிட்டேன். "நான் மட்டும் போகலீனா புள்ள அங்கயே சாஞ்சிருக்குமுங்க. ஒடம்புல ரத்தமே கம்மின்னு டாக்டரு முன்னாலயே சொல்லியிருந்தாரு."

எந்த டாக்டரும் சொல்லவில்லை.

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்று பின்னால் ஒரு குரல். வாளியோடு என் மகள் நின்றிருந்தாள். எனக்கு முன்னால் இருந்தவருக்கு ஊற்றினாள். எனக்கு ஊற்றினாள். அடுத்தவருக்கு ஊற்றிக்கொண்டு நகர்ந்தாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவளும் நானும்தான். மத்தம்பாளையம் தாண்டினோம். பிறகு, "அப்பா, எனக்கு மயக்கம் வரலீங்க" என்றாள்.

"தெரியும் கண்ணு."

வாயில் வந்துவிட்டது. பின்னால் அவள் அசைவது தெரிந்தது.

"தெரியுங்களா?"

"ம்."

"எப்ப இருந்துங்க?"

"அன்னைக்கே. தெரைக்குப் பக்கத்துல நின்னப்பவே. மறுக்கா நீ குனிஞ்சே பாரு, அப்ப."

கண்ணாடியில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. வீரபாண்டிப் பிரிவு வந்துவிட்டது.

"நான் உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. நெசமாலுமே எனக்கு மயக்கம்னு நெனச்சு ஓடியாந்துட்டீங்கன்னு. கேலி பண்ண பசங்ககிட்டக்கூட அப்பிடித்தான் சண்டை போட்டேன். எங்கப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது, பாவம்னு."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுமுங்களா இன்னைக்கு அப்பிடிச் சொன்னீங்க?"

ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இறங்கி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன். பார்க்க முடியவில்லை. ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினேன். அவள்தான் மறுபடி பேசினாள். அழவில்லை. அடுத்த மாதம் போத்தனூரில் அதே உருப்படியை மறுபடி வாசிக்கிறார்களாம். அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்துவிடச் சொல்லி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் ஒரே ஒரு தடவை முயற்சி செய்து பார், அப்புறம் முடிவு செய்யலாம் என்று மிஸ் சொன்னாராம்.

"ஏன் கண்ணு? அது உன்ற எடமாச்சே."

"அந்த எடம் வந்தா உங்க கொரல் கேக்குதுங்கப்பா. எண்ணறது உட்டுப்போயிருது."

அந்த வாரம் பட்டறையில் வேலை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாட்சப் குழுவுக்குக் குரல்செய்தி பேச ஆரம்பித்தேன். முதலில் பேசியதில் ஒரு நகைச்சுவை வந்துவிட்டது, அழித்தேன். அடுத்ததில் அக்கா மேல் பழி போய்விட்டது; அழித்தேன். அதற்கடுத்தது ஏதோ கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அனுப்பியது மிகச் சிறியது. "புள்ளைக்கு அன்னைக்கு மயக்கமெல்லாம் இல்லீங்க. அது அதுபாட்டுக்கு வேலை செஞ்சுட்டு இருந்துச்சு. நாந்தான் போய்க் கெடுத்துப்போட்டேன். டாக்டரு சொன்னாருன்னு பந்தியில சொன்னது பொய்யுங்க."

பதிலுக்கு யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருவர் வழக்கம்போலக் காலை வணக்கம் போட்டிருந்தார், மாலையில். அக்கா கூப்பிட்டாள். "எதுக்கு தம்பி இதெல்லாம்? பாசத்துலதான போனே. உடு. புள்ளைக்கு முருங்கக்கீர பறிச்சு வெச்சிருக்கறேன், வந்து வாங்கிட்டுப் போ." அவ்வளவுதான். நான்தான் கெடுத்தேன் என்பதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

மகள் அதைக் கேட்டாளா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி வாசலில் அவளை இறக்கிவிட்டேன். பேக்கரியிலிருந்து காவலாளி கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

"நான் உள்ள வந்து உக்காரட்டுமா கண்ணு?" என்றேன்.

"உக்காந்து?"

"சும்மாத்தான். பேசமாட்டேன்."

"உங்களால முடியாதுங்கப்பா" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை, எனக்கு அப்படிப் பட வேண்டியிருந்தது. அவள் பாட்டுக்கு உள்ளே போனாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு இருக்கை தள்ளி ஒரு அம்மா, வயலின் வாசிக்கிற பையனின் தாய். பிள்ளைகள் வாசித்தார்கள், நிறுத்தினார்கள், மிஸ் ஏதோ சொன்னார், மறுபடி வாசித்தார்கள். வாத்தியங்கள் ஓய ஆரம்பித்தன. என் மகள் அண்டாவின் மேல் குனிந்தாள், நிமிர்ந்தாள், குச்சியை எடுத்தாள். எடுத்ததும் அவள் கண் நேராக என்னிடம் வந்தது. கை நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார் மிஸ். "மறுபடி. கொஞ்சம் முன்னால இருந்து."

நான் எழுந்தேன். வெளியே போய்விடுவதுதான் நல்லது என்று பட்டது. நாற்காலி படக்கென்று மடிந்த சத்தத்துக்கு மொத்தக் குழுவும் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து அவள் குச்சியைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தாள். உட்காருங்கள். உட்கார்ந்தேன்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் குனிந்தாள். கன்னம் தோலுக்குப் பக்கத்தில், கண்கள் மூடி. பக்கத்து அம்மா என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்கதான அந்தத் தண்ணி பாட்டிலு அப்பா?"

"நாந்தானுங்க."

அவர் முகம் மலர்ந்தது. கதைக்குத் தயாரானார். என்னிடமும் அது தொண்டை வரைக்கும் தயாராக இருந்தது, படி தடுக்கியது முதல்.

"அன்னைக்குப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலீங்க" என்றேன். "கேட்டுட்டு இருந்துச்சு."

அவர் இன்னும் காத்திருந்தார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டேன். மிஸ்ஸின் இடது கை நீண்டது. என் மகள் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. தட்டினாள். இத்தனை சிறிய சத்தம் என்று நான் நினைத்திருக்கவேயில்லை. பக்கத்து அம்மா மூச்சு விட்டதே அதைவிடப் பெரிதாகக் கேட்டது. எதிர் பேக்கரியில் உட்கார்ந்திருந்தால் சுத்தமாகக் கேட்டிருக்காது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருக்கவில்லை.

நாலாவது பாகம் திறந்துகொண்டபோது பக்கத்து அம்மா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவரும் நினைத்திருப்பார்.